வடகோடிச் சந்தையில் மூன்று ஷிப்ட்

வணிகர் கூட்டம் வந்து சேர இன்னும் நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. அதுவரை வடகோடிச் சந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மருதமுத்துவின் தலையில் வந்து விழுந்திருந்தது.

வடகோடிச் சந்தை நெய்வேலிக்குப் பக்கத்தில் இல்லை. எந்த ஊருக்குப் பக்கத்திலும் இல்லை. அது மகள் ஹரிணியின் பழைய லேப்டாப்புக்குள் இருந்தது. ஒரு பக்கம் மனிதர்களின் நாடு முடிகிறது, மறுபக்கம் பேய்க்காடு தொடங்குகிறது. நடுவில் இந்த ஊர். குள்ளர்கள் இரும்பு கொண்டுவருவார்கள். காட்டு மோகினிகள் தேன் கொண்டுவந்து உப்பு வாங்கிப் போவார்கள். இறக்கை முளைத்த எருதுகள் வண்டி இழுக்கும். விளையாட்டுதான். ஆனால் யாரும் பார்க்காத நேரத்திலும் ஊர் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும்.

"மூணே வேலைதான்ப்பா," என்றாள் ஹரிணி பெங்களூரிலிருந்து. "காலைல எருதுக்குத் தீனி. பத்து மணிக்கு சந்தை கேட்டைத் திறக்கணும். சாயங்காலம் மூடணும். எனக்கு ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஆபீஸ்ல மூச்சு விட நேரமில்ல."

"பூ, இவ்வளவுதானா?"

"வேற எதையும் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை பன்னண்டு மணிக்குப் பெரிய வணிகர் கூட்டம் வருது. அவங்க வந்து இறங்கிட்டா கிராமம் நகரம் ஆயிடும். நாலு வருஷமா கட்டினது."

"முப்பத்தாறு வருஷம் சுரங்கத்துல பக்கெட் வீல் மெஷின் ஓட்டினவன்கிட்ட பேசிக்கிட்டிருக்க. ஒரு நாள் பிரேக்டவுன் உண்டா?"

"அதுதான்ப்பா பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

மெஷின் சத்தத்தில் மருதமுத்துவின் காது பாதி போய்விட்டது. அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். மகள் கடைசியாகச் சொன்னது பக்கத்து வீட்டு ஜெயகணேஷுக்கும் கேட்டிருக்கும்.

அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஹரிணி சின்னவளாக இருந்தபோது இவர் ஷிப்டில் இருப்பார், அல்லது ஷிப்ட் முடிந்து தூங்குவார். ஸ்கூல் ஆண்டுவிழாவுக்கு மனைவி மாணிக்கம்மாள் போவாள். சைக்கிள் பழக்கிவிட்டதும் மாணிக்கம்மாள்தான், குவார்ட்டர்ஸ் பிளாக் ரோட்டில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே ஓடி. மகள் எது கேட்டாலும் அம்மாவிடம்தான் கேட்பாள். அப்பாவிடம் கேட்ட முதல் உதவி இது. இதில் கோட்டை விட்டால் இரண்டாவது உதவி கேட்க மாட்டாள். அது அவருக்குத் தெரிந்திருந்தது.

மாணிக்கம்மாள் அன்று காலைதான் தங்கை மகன் கல்யாணத்துக்குப் பண்ருட்டி போயிருந்தாள். போகும்போது லேப்டாப்பின் மேல் துணி போட்டு மூடிவிட்டுத்தான் போனாள். மத்தியானத்தில் அதில் அவள் சமையல் வீடியோ பார்ப்பாள். சாம்பார் என்னவோ அப்படியேதான் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலை, முதல் ஷிப்டுக்குப் போகும் பஸ்ஸின் ஹாரன் கேட்டு மருதமுத்து எழுந்தார். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்த ஹாரனுக்கு உடம்பு பதில் சொல்லிவிடும். குவார்ட்டர்ஸை விட்டு, நகரியத்துக்கு வெளியே சொந்த வீடு கட்டி வந்த பிறகும், கை தானாக டார்ச்சையும் டிபன் பாக்ஸையும் தேடும். இன்று தேடியதற்கு ஒரு அர்த்தம் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்தார். எல்லாம் தமிழில் வந்தது. நமக்காக மாற்றி வைத்திருக்கிறாள் பிள்ளை என்று நெகிழ்ந்துபோனார்.

எருதுகளுக்குத் தீனி போட்டார். கேட்டைத் திறந்தார். பிறகு ஊரைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஏரி. ஏரிக்கரையில் வரிசையாக ஏழு பனைமரம். ஒரு பக்கம் உடைந்த கைப்பிடிச் சுவரோடு ஒரு கிணறு. வீடுகள் ஒரு ஒழுங்கில் இல்லை. கிணற்றடி வீடு ஒன்று மற்ற வீடுகளுக்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றது.

"பிளான் இல்லாம கட்டியிருக்கா," என்று முணுமுணுத்தார்.

அதைவிட அவரைப் பதறவைத்தது வேறு. பகல் இரண்டு மணிக்கு ஊரில் பாதிப் பேர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கொல்லன் பட்டறையை விட்டுவிட்டுத் தாயம் ஆடினான்.

"இப்படி இருந்தா ஊரு எங்க நகரம் ஆகும்?"

ஓரத்தில் 'வேலை நேரம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. மருதமுத்து முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று மூன்றாகப் பிரித்தார். ஐந்து நிமிஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஏதோ ஒரு ஷிப்டில் இருந்தார்கள்.

மூன்று மணிக்கு ஒரு குள்ளன் வந்தான். கொல்லன் நைட் ஷிப்ட் என்பதால் தூங்கிக்கொண்டிருந்தான். குள்ளன் இரும்பை வாசலில் கொட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். 'மகிழ்ச்சி குறைகிறது' என்று திரையில் எழுத்து வந்தது.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்," என்று திரைக்கு ஆறுதல் சொன்னார். "எனக்கும் முதல் மாசம் தூக்கமே இல்ல."

ராத்திரி வேலைக்கு விளக்கு வேண்டும் என்று எல்லா விறகையும் ஊர்க்காரர்கள் விளக்குக் கம்பத்துக்கு எடுத்துப் போனார்கள். ஆறு மணிக்கெல்லாம் எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. மருதமுத்து விறகுக்கு வழி தேடி ஊரெல்லாம் அலைந்தார். அப்போதுதான் கிணற்றுக்குள் அதைப் பார்த்தார். மண்ணுக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு பட்டை.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "கரி! பத்தடியிலேயே கரி!"

நெய்வேலிக்காரனுக்கு இதைவிடப் பெரிய தரிசனம் கிடையாது. நிஜச் சுரங்கத்தில் மலை மலையாக மேல்மண்ணை அள்ளிய பிறகுதான் கரியின் முகம் தெரியும். இங்கே கை நீட்டினால் கரி. அதன் மேல் படுத்துக்கொண்டு இந்த ஜனங்கள் விறகு பொறுக்குகிறார்கள். இதைச் செய்து முடித்தால் ஹரிணி என்ன சொல்வாள்! அப்பா, நாலு வருஷத்துல நான் செய்யாததை நாலு மணி நேரத்துல செஞ்சுட்டீங்களே என்பாள்.

ஏரிக்கரையில் தோண்ட ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து மாணிக்கம்மாள் போன் செய்தாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"இன்னாங்க, சாப்டீங்களா? வூட்ல எல்லாம் சரியா இருக்கா?"

"எல்லாம் சரியா இருக்கு."

"ஹரிணி எதனா சொன்னாளா?"

"எங்கிட்ட அவ என்ன சொல்லப்போறா? நீ கல்யாணத்தைப் பாரு."

"அது சரி," என்றாள் மாணிக்கம்மாள். ஏதோ கேட்க வந்து விழுங்கியது போல் இருந்தது. "சரி, வெச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை மேல்மண் குவிந்துவிட்டது. ஏரிக்கரையில் கொட்ட இடமில்லை. ரோட்டில் கொட்டினார். ரோடு அடைபட்டது. ரோட்டிலிருந்து எடுத்துச் சந்தைத் திடலில் கொட்டினார். சந்தை மூடிப்போனது. தேனோடு வந்த மோகினிகள் மண்மேட்டின் மேல் ஏறி நின்று கீழே பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

கரிப்பட்டை வீடுகளின் அடியில் ஓடியது.

இதற்கும் மருதமுத்துவிடம் வழி இருந்தது. ஊருக்குக் கிழக்கே பொட்டலில் நேர்கோடாக மனைகள் போட்டு, நம்பர் கொடுத்து, வீடுகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பிளாக் ஒன்று, பிளாக் இரண்டு. பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. ஊர்க்காரர்களின் தலைக்கு மேல் மட்டும் சின்னச் சின்னதாக அழுகிற முகங்கள் முளைத்தன.

"அழத்தான் செய்வீங்க," என்றார். "அப்புறம் ரோடு வரும், லைட் வரும், சரியாப் போயிடும்."

மேற்கு பார்த்த வீட்டின் மேல் அம்புக்குறியை வைத்து அழுத்தியபோது விளையாட்டு கேட்டது: 'இது முதல் வீடு. இதை நகர்த்த முடியாது, இடிக்கலாம். இடிக்கவா?'

மருதமுத்துவின் விரல் கொஞ்சம் நின்றது. இப்படி ஒரு வாசலில்தான் அவர் ஒருநாள் தண்ணீர் கேட்டு நின்றார். வேலைக்குச் சேர்ந்த புதிது. மெஷின் வரும் வழியைப் பார்க்க இவரை அனுப்பியிருந்தார்கள், சுரங்கத்துக்கு எடுக்கப்போகும் ஒரு ஊர்ப் பக்கம். சாயங்கால வெயில் அவள் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொம்பை நீட்டினாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. "இந்தக் கெணத்தையும் தோண்டிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அவர் சொம்பை வாங்கிக் குடித்தார். ஒரு சொம்புக்குப் பிறகு இன்னொரு சொம்பு. மறுநாளும் தாகம் எடுத்தது. அதற்கடுத்த நாளும். மாணிக்கம்மாளோடு கல்யாணம் முடிந்து ஆறு மாதம் சாத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. அந்த ஊர் இப்போது இல்லை, அவர் மெஷின் தோண்டிய சுரங்கத்துக்குள் போய்விட்டது. அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

அது ஒரு காலம் என்று பெருமூச்சு விட்டார். 'ஆம்' என்பதை அழுத்தினார்.

வீடு விழுந்தது. கிணறு விழுந்தது. அந்த இடத்திலிருந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மேலே வந்தது.

"ஜெயகணேஷ்!" என்று மருதமுத்து போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜெயகணேஷ் சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஹவுஸில் இருந்து ஓய்வு பெற்றவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தார். பார்த்தவுடன் முகம் மாறிவிட்டது.

"யோவ், தண்ணியை இறைக்காம கரியில கை வெச்சியா?"

"தண்ணி இறைக்கிறது உங்க டிபார்ட்மெண்ட்தானய்யா. நான் என்னைக்கு அதைப் பார்த்தேன்?"

"முப்பத்தாறு வருஷமா உன் காலை நனையாம வெச்சிருந்தோம்ல, அந்தக் கொழுப்பு. சரி, பம்ப் எங்க?"

"பம்ப் கிடையாது. எருதுதான் இருக்கு."

"அப்ப கமலை கட்டு. எல்லா எருதையும் ஓட்டு. வடம் போட்டு இறுக்கு."

இருபது எருதுகளையும் கமலையில் பூட்டினார்கள். எருதுகள் இரண்டு சுற்று இழுத்தன. மூன்றாவது சுற்றில், தங்களுக்கு இறக்கை இருப்பது ஞாபகம் வந்ததுபோல், கமலையோடு சேர்ந்து பறந்துபோய்விட்டன.

"இதுக்கெல்லாம் இறக்கை இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே," என்றார் ஜெயகணேஷ்.

"பார்த்தா தெரியலையா?"

"நான் மாடுன்னுல்ல நினைச்சேன்."

தண்ணீர் பிளாக் ஒன்றில் நுழைந்தது. பிறகு பிளாக் இரண்டு. ஜெயகணேஷ் யோசனைப்படி ஏரியின் கரையை வெட்டிவிட்டார்கள், தண்ணீர் அங்கே போகட்டும் என்று. ஏரித் தண்ணீர் இந்தப் பக்கம் வந்தது. ஏழு பனைகளில் ஆறு சாய்ந்தன. ஊர் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பினார்கள்.

"எனக்கு அடுப்புல பால் இருக்கு," என்று ஜெயகணேஷும் கிளம்பினார்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வணிகர் கூட்டம் வந்தது. நூறு வண்டிகள், பட்டுக்கொடிகள், முரசு. வானத்திலேயே இரண்டு தடவை சுற்றி வந்தது. இறங்க இடமில்லை. திரும்பிப் போனது. திரையில் இரண்டே வரி: 'வடகோடிச் சந்தை கைவிடப்பட்டது. மக்கள்தொகை: ஒன்று.'

அந்த ஒருத்தி ஒரு கிழவி. சாய்ந்த பனைமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் நகரவில்லை.

மருதமுத்து லேப்டாப்பை மூடினார். அதன் மேல் துணியைப் போட்டார். சார்ஜரை எடுத்து அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்து மணிக்கு மாணிக்கம்மாள் வந்தாள். ஒரு கையில் பாதிப் பலாப்பழம், மறுகையில் தாம்பூலப் பை. பழத்தை வாசலிலேயே வைத்தாள். செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, நேராக லேப்டாப்பிடம் போனாள்.

"காபி போடட்டுமா?" என்று மருதமுத்து குறுக்கே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் காபி போட்டதில்லை.

"நகருங்க. இதோட ஒயரு எங்க?"

"ரிப்பேர். கடைல குடுத்திருக்கேன். சமையல் வீடியோதானே, நாளைக்குப் பார்த்துக்க."

"இருக்கற சார்ஜுல பாத்துக்கறேன். பஸ்ல வர்றப்ப பூரா அதே நெனப்பு."

அவள் துணியை எடுப்பதற்குள் அவருடைய சட்டைப்பையில் போன் அடித்தது. ஹரிணி. மருதமுத்து கொல்லைப்புறம் ஓடி, முருங்கை மரத்தடியில் நின்று எடுத்தார். ஸ்பீக்கர் வழக்கம்போல அலறியது.

"அப்பா! நகரம் ஆயிடுச்சா?"

முழுவதையும் சொன்னார். ஷிப்ட், கரி, பிளாக், எருது, எதையும் விடவில்லை. "மன்னிச்சுக்கம்மா. உன் ஊரை நான் குட்டையாக்கிட்டேன். நாம புதுசா ஒண்ணு கட்டுவோம், நான் கூட இருந்து கட்டித் தரேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, வாழ்நாள் பூரா சொல்லிக் காட்டுவா."

மருதமுத்து திரும்பிப் பார்த்தார். ஜன்னல் வழியே மாணிக்கம்மாள் தெரிந்தாள். லேப்டாப் திறந்திருந்தது. சாயங்கால வெயில் அவள் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் இவரைப் பார்த்தாள். சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்று இப்போதும் புரியவில்லை.

"அப்பா," என்றது போன், கொல்லை முழுவதும் கேட்கும்படி, "அது என் ஊரே இல்லப்பா, அம்மா பொறந்த ஊரு, நாலு வருஷமா ஞாபகத்துலேர்ந்து அவங்களே கட்டினது, அதை ரெண்டாவது தடவையும் நீங்களே தோண்டிட்டீங்களா?"