தலை தொடா விரதம்

"லட்டு எங்க மொதலாளி?"

கடையைத் திறந்ததும் கணக்குப்பிள்ளை அய்யாக்கண்ணு கேட்ட முதல் கேள்வி இதுதான். சுப்பராயலுவின் மழித்த தலையைப் பார்த்ததுமே பிரசாதத்துக்குக் கை ஏந்திவிட்டார்.

சுப்பராயலு இதை எதிர்பார்க்கவில்லை. சென்னையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் யோசித்து, மொட்டைத் தலைக்குத் திருப்பதியைவிடப் பொருத்தமான காரணம் உலகத்திலேயே இல்லை என்று முடிவுகட்டி, மனைவி திலகவதியையும் மகள் லாவண்யாவையும் ஊரில் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தார். ஆரணியில் காலங்காலமாகப் பட்டுச்சேலை வியாபாரம் செய்கிறவர், சரக்கைப் பற்றி யோசித்தவர், சரக்கோடு தரவேண்டிய இனாமை மறந்துவிட்டார்.

"லட்டு வாங்கக் கூடாதுன்னு வேண்டுதல்," என்றார்.

அய்யாக்கண்ணு கையை மெல்ல இறக்கினார். இப்படி ஒரு வேண்டுதலை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அதனாலேயே அது பெரிய வேண்டுதலாக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

எல்லாம் லாவண்யாவின் நிச்சயதார்த்தத்தில் ஆரம்பித்தது. மாப்பிள்ளையின் அப்பா தங்கவேலு வந்தவாசியில் அரிசி மண்டி வைத்திருப்பவர். சுப்பராயலுவுக்கு மூத்தவர். ஆனால் நெற்றியில் வந்து விழும் கருகரு முடியோடு மேடையில் நின்றார். பக்கத்தில் சுப்பராயலு. காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் வேலி, நடுவில் வெட்டவெளி. போட்டோ எடுக்க வந்தவன், "பொண்ணோட தாத்தா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான். சபை சிரித்தது. லாவண்யாவும் சிரித்துவிட்டு, சட்டென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் சிரித்ததை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டதைத்தான் மறக்க முடியவில்லை.

நாள் முழுக்கப் பெண்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, இதைக் கட்டினால் பத்து வயது குறையும் என்று சொல்லி விற்கிறவர் அவர். அவருக்கு அப்படி ஒரு பொருளை யாரும் விற்றதில்லை. சென்னையில் ஒரு கிளினிக் விற்றது. தலையை மழித்து, பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னந்தலையில் நடுவார்கள், நாற்று நடுகிற மாதிரி. எத்தனை முடி நடலாம் என்று டாக்டர் சொன்னதும், சுப்பராயலு பழக்கதோஷத்தில் பேரம் பேசி, ஒரு பிடி முடியைக் கொசுறாகவும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார். தை மாதம் கல்யாணம். அதற்குள் பயிர் தலைகாட்டிவிடும்.

ஆனால் வேர் பிடிக்கும்வரை தலையில் எதுவும் படக்கூடாது, குனியக் கூடாது, படுக்காமல் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும், அடிக்கடி தலையில் உப்புநீர் பீச்ச வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதெல்லாம் தங்கவேலுவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தாம்பூலம் மாற்றும்போதே அவர் சொல்லியிருந்தார்: "இல்லாதத இருக்கறாப்ல காட்டறது மட்டும் எனக்கு ஆவாது சம்பந்தி. மேல நல்ல அரிசி, அடியில நொய்யின்னு தெரிஞ்சா, மூட்டைய அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்." மூட்டை திரும்பினால் வேறு ஆளுக்கு விற்கலாம். தாம்பூலத் தட்டு திரும்பினால் லாவண்யா என்ன செய்வாள்?

லட்டு கேட்ட அன்று காலையே கடையில் அடுத்த சிக்கல் வந்தது. பெட்டிச்சாவி கை நழுவிக் கீழே விழுந்தது. சுப்பராயலு அதைப் பார்த்தபடி நின்றார்.

"எடுங்க மொதலாளி."

"குனியக் கூடாது."

"அதுவும் வேண்டுதலா?"

"அதுவும்தான்."

அய்யாக்கண்ணு சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார். மத்தியானத்துக்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. இருந்த கொஞ்சநஞ்ச முடியையும் மனுஷன் பெருமாளுக்குக் கொடுத்துவிட்டார் என்று எதிர்க்கடைக்காரர் உருகினாராம். நிறைய இருந்து கொடுப்பது ஒரு பெரிய விஷயமா என்றும் கேட்டாராம்.

மூன்றாம் நாள் முகம் வீங்கிக் கண்கள் இடுங்கிப்போயின. இதையும் டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் கடைக்கு வந்தவர்களுக்கு யார் சொல்வது? மெத்தையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்மூடி, அசையாமல் இருந்தவரைப் பார்த்துச் செருப்பை வாசலிலேயே கழற்றினார்கள். விலை சொன்னால் குறைத்துக் கேட்கவில்லை. பேரம் பேசாத வாடிக்கையாளரை சுப்பராயலு தன் ஆயுளில் அன்றுதான் பார்த்தார், அதுவும் அரைக் கண்ணால். முதலில் சுகமாக இருந்தது. பிறகு, அளவு குறைந்த சேலையை விற்றுவிட்ட மாதிரி ஒரு உறுத்தல்.

அவர் தலையில் பீச்சிக்கொண்ட தண்ணீருக்கு அய்யாக்கண்ணுவே தீர்த்தம் என்று பெயர் வைத்துவிட்டார். மறுநாள் சேவூரிலிருந்து ஒரு தறிக்காரரின் மனைவி, காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அதில் ரெண்டு சொட்டு குழந்தை மேல் தெளித்தால் போதும் என்றாள்.

சுப்பராயலு தெளிக்க மறுத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு, அய்யாக்கண்ணுவையும் துணைக்கு ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். அவள் ஆட்டோவில் ஏறுமுன் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு அவரை மத்தியானம் சாப்பிட விடவில்லை.

வீட்டுக்கு வந்து, ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்றார்.

திலகவதி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "முடிய எடுத்துட்டு சாமியார் ஆனவங்களப் பாத்துகீறேன். முடிய நட்டுட்டு சாமியார் ஆனது நீங்க ஒருத்தர்தான். ஊருக்கு அப்புறம் சொல்லலாம். சம்பந்தி நாளைக்கு வராராம், அவருக்கு இன்னா சொல்லப்போறீங்க?"

செய்தி வந்தவாசி வரைக்கும் போயிருந்தது.

மறுநாள் தங்கவேலு மனைவி சாவித்திரியோடு வீட்டு வாசலில் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு வெள்ளிக் கிண்ணம். அதில் குழைத்த சந்தனம். மகள் கல்யாணத்துக்காக மொட்டை போட்ட சம்பந்திக்குத் தன் கையாலேயே பூசிவிட வேண்டும் என்று ஆசையாக வந்திருந்தார். விரல்கள் சந்தனத்தில் முங்கி எழுந்து, சுப்பராயலுவின் தலையை நோக்கி வந்தன.

சுப்பராயலு பின்னால் நகர்ந்தார். சுவர் இடித்தது.

"தொடாதீங்க சம்பந்தி. தலையத் தொடக் கூடாதுன்னு விரதம்."

விரல்கள் அந்தரத்தில் நின்றன. தங்கவேலு அந்தத் தலையைப் பார்த்தார். நடு மண்டையில் வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். கொஞ்சம் கிட்ட வந்து பார்த்தார். பிறகு கிண்ணத்தை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தூங்கறது?"

"உக்காந்தபடிதான்."

"குனியறது?"

"இல்லீங்க."

"தண்ணி அடிச்சிகினே இருக்கணுமா?"

அரிசி வியாபாரி மூட்டைக்குள் கையைவிட்டு அடிவரைக்கும் துழாவிவிட்டார். இனி மறைப்பதில் அர்த்தமில்லை. உள்ளறைக் கதவோரம் லாவண்யாவின் புடவைத் தலைப்பு தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். தாத்தா என்று சொன்ன அன்றைக்கு உதட்டைக் கடித்த பெண், இன்றைக்கு எதைக் கடித்துக்கொண்டு நிற்கிறாளோ.

"சம்பந்தி, நான் உங்களாண்ட ஒண்ணு சொல்லணும். தப்பு என்னுது. பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

தங்கவேலு விருட்டென்று எழுந்தார். "வேணாம். வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது," என்றார். திலகவதி நீட்டிய காபியை ஒரு வாய் குடித்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் காருக்குப் போய்விட்டார்.

சுப்பராயலு நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் நட்டது பிழைத்துவிடும், மகளின் வாழ்க்கையை அல்லவா வேரோடு பிடுங்கிவிட்டோம் என்று நினைத்தார். குனிந்து அழக்கூட வழியில்லை. நிமிர்ந்தே அழுதார்.

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத சாவித்திரி மட்டும் அவசரப்படவில்லை. காபியை ஆற்றிக் குடித்து முடித்து, டம்ளரைத் திலகவதியிடம் கொடுத்தாள்.

"அண்ணா, இன்னும் ரெண்டு மூணு வாரத்துல நட்டதெல்லாம் கொட்டும். கண்ணாடியப் பாத்து பயந்துடாதீங்க. வேர் உள்ளதான் இருக்கும். தை மாசத்துக்குள்ள எட்டிப் பாக்கும். அப்புறம் புள்ளைங்க கல்யாணத்துக்குச் சேலை எடுக்க அடுத்த வாரம் வரேன்."

சுப்பராயலு கண்ணைத் துடைத்துக்கொண்டார். திலகவதிதான் கேட்டாள், அது எப்படி அவளுக்குத் தெரியும் என்று.

சாவித்திரி வாசலைப் பார்த்தாள். தங்கவேலு கார்க் கண்ணாடியில் பார்த்து, காற்றில் கலைந்த முடியை ஒவ்வொரு இழையாகத் தடவி நெற்றியில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"இவரு பழனின்னு சொன்னாரு."