மதகில் குடியேறிய சிலந்தி

ஒரு காட்டில், எதையும் எழுதிக் கொடுத்தால்தான் யாருக்கும் காது கேட்கும் என்கிற காட்டில், நாச்சியம்மை என்றொரு சிலந்தி இருந்தாள். பக்கத்துப் புதரில் தவமணி என்கிற முயல். ஏரித் தண்ணீரைக் குடித்துத் தவமணியின் குட்டிகளில் இரண்டு செத்துப்போயின. மூன்றாவது, வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தது. நாச்சியம்மைக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

நண்டுகள் கழற்றிப் போட்ட ஓடுகளைக் கூழாக்கி, தன் நூலோடு சேர்த்து, கண்ணுக்கே தெரியாத இழைகளாக இழுத்து ஒரு சவ்வு நெய்தாள். தண்ணீர் இறங்கும், கிருமி நுழையாது. மூன்று மாதத்தில் மக்கி மண்ணாகிவிடும், குப்பையும் சேராது. காடே தண்ணீர் குடிக்கும் ஏரி மதகில் மாட்டினால் போதும். ஆனால் மதகில் எதை மாட்டவும் தரச்சான்று வேண்டும்.

அலுவலக வரிசையில் மூன்று நாள் நின்றாள். அதிகாரி கரடி சவ்வைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றினார்.

"சார், ஏரித் தண்ணிய ஊத்திப் பாருங்க."

"ஆய்வுக்கூடத்துக்குள்ள அழுக்குத் தண்ணி கொண்டுவரக் கூடாதும்மா. விதி இருக்கு."

வடிந்ததையும் சோதித்து எழுதினார்: 'ஊற்றியதற்கும் வடிந்ததற்கும் வித்தியாசம் இல்லை. சவ்வால் பயனில்லை. மேலும் இது மக்கும் பொருள் என்பதால் ஐந்து வருடம் கோப்பில் மாதிரி வைக்க இயலாது. நிராகரிக்கப்படுகிறது.'

நாச்சியம்மை சவ்வைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அழுகை அழுகையாக வந்தது. வாசலில் காவலுக்கு நின்ற கொக்கு அவளைத் தனியே கூப்பிட்டது.

"ஏம்மா, எருமைங்க ஏரிக்குள்ள கொட்டகை போட்டுப் பத்து வருஷமாச்சு. தண்ணி நாறுறதே அதுங்களாலதான். அதுங்ககிட்ட யாராச்சும் சான்று கேட்டாங்களா?"

அன்று மாலையே அவள் மதகின் வாய் முழுக்கச் சவ்வை விரித்துக் கட்டி, நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கரடி நோட்டீசோடு வந்தார்.

"என்னம்மா இது, வடிகட்டியா?"

"இல்லீங்க சார், வீடு. குடி வந்துட்டேன்."

கரடியின் முகம் தெளிந்தது. "அத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று நோட்டீசைக் கிழித்துப் போட்டார். வடிந்த தண்ணீரில் இரண்டு வாய் குடித்துவிட்டு, பட்டாவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று மாதத்துக்கொரு முறை அவள் புதுச் சவ்வு நெய்வது, வீட்டுப் பராமரிப்பு என்று பதிவானது. தவமணியின் குட்டி பிழைத்துக்கொண்டது.

நீதி: நீர்நிலைகளைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் முதலில் அவற்றை ஆக்கிரமிக்க வேண்டும்.