சென்செய்க்குக் கட்டிய பெட்டி

வளைகுடாவில் பாதி ஆயுளைக் கழித்தவரிடம் உங்கள் பேராசிரியரை அறிமுகப்படுத்தாதீர்கள். நான் செய்தேன். (வேணும், எனக்கு நல்லா வேணும்.)

ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்போது எனக்குக் கடைசி வருடம். மேற்படிப்புக்கு சென்செய் (அங்கே பேராசிரியரை அப்படித்தான் அழைப்போம்) தன் ஆய்வுக்கூடத்தில் என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமே என்பதுதான் கவலை. அவர் பிடிகொடுக்கவே இல்லை. ஒரு கூட்டத்துக்காக அவர் துபாய் வந்தார். விடுமுறைக்கு அங்கே சத்வா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நான், ஐஸ் வைக்கிற ஆசையில் அவரைச் சாப்பிட அழைத்தேன்.

உம்மாவின் பிரியாணி வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு வாப்பா உள்ளேயிருந்து ஓர் அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பளி, பால் பவுடர், பாதாம், தைலம், டார்ச் லைட். சுற்றி நைலான் கயிறு. நாலு பக்கமும் மார்க்கரில் சென்செய் பெயர்.

"வாப்பா, அவரு ஒரு சின்னப் பையோட வந்தவரு."

"அதான் பாவமா இருக்கு. துபாய் வந்துட்டு வெறுங்கையோட போனா வீட்ல என்ன நினைப்பாங்க?"

கொடுத்ததை மறுப்பது ஜப்பானில் மரியாதை இல்லை. சென்செய் குனிந்து இரண்டு கையாலும் வாங்கினார். நிமிர முடியவில்லை.

ஏர்போர்ட்டில் எடை எகிறியது. கூடுதல் எடைக்குப் பணம் கட்ட நான் பர்ஸை எடுத்தேன். வாப்பாவோ கவுன்டர் முன்னால் தரையில் குந்தி, கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாஃபி முஷ்கில், சார். ஒரு பிரச்சனையும் இல்ல."

தைலமெல்லாம் சென்செயின் கோட்டுப் பைகளுக்குள் போயின. டார்ச் கைக்குப் போனது. என் எதிர்காலத்தைத் தீர்மானிக்கவேண்டிய மனிதர், கொளுத்தும் ஆகஸ்டில் புலிப்படம் போட்ட கம்பளியைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சீட்டு போச்சு என்று காரில் அழுதேவிட்டேன்.

"பெரிய மனுசன்டா. கொஞ்சமாச்சும் மொகம் சுளிச்சாரா?" என்று வாப்பா ரசித்தபடி வண்டி ஓட்டினார்.

ஒரு வாரத்தில் சென்செயிடமிருந்து மெயில் வந்தது: "உன்னைச் சேர்த்துக்கொள்வதாக அன்று சாப்பாட்டின்போதே சொல்ல இருந்தேன். அதற்குள் பெட்டி வந்துவிட்டது."

கீழே இன்னொரு வரி. பரிசு வாங்கினால் பதில் பரிசு தருவது அவர்கள் வழக்கமாம். அடுத்த விடுமுறையில் நான்தான் எடுத்துப்போக வேண்டுமாம்.

எடுத்துப்போனேன். வாப்பா சும்மா விடுவாரா? அதைவிடப் பெரிதாகக் கட்டினார். சென்செயும் விடவில்லை. நான் படிப்பை முடித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். அவர்கள் இன்னும் முடிக்கவில்லை. இப்போதும் நான் சத்வா வீட்டுக்குள் நுழைந்ததும் உம்மா வாப்பாவின் கடைக்குப் போன் போட்டுச் சொல்வது ஒன்றுதான்:

"கார்கோ வந்துடுச்சு."