மவுஸ் பார்க்க வந்த ராஜராஜன்

சபிஹாவின் வீட்டை விட்டு விண்டோஸ் கிளம்பிப் போனது 2003ஆம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்து அடுத்த வாரம், அடைமழை பெய்த ஒரு வியாழக்கிழமை. வழியனுப்ப ஆள் இல்லை. வீட்டுக்காரியே தேநீர் போட உள்ளே போயிருந்தாள்.

அனுப்பி வைத்தவன் ராஜராஜன். முத்துப்பேட்டையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவன். 'லினக்ஸ் போட்டுத் தருகிறவர்' என்னும் இனத்தைச் சேர்ந்தவன். இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருக்க முடியாது. கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணைப் பார்க்கும்போது வீடியோக்காரரின் கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பார். உரக்கடைக்குப் போனால் யூரியாவை மறந்துவிட்டுக் கல்லாவில் ஓடுவது என்ன சிஸ்டம் என்று விசாரிப்பார். தோள்பையில் குடை இருக்கிறதோ இல்லையோ நாலு சிடி இருக்கும். துக்கம் கேட்கப் போன வீட்டிலும் "வைரஸே வராது" என்று ஒன்றை வைத்துவிட்டு வருவார். காசு வாங்குவாரா? சேச்சே. வாங்கினால்தான் திருப்பிக் கேட்கலாமே.

சபிஹா அவனைக் கூப்பிட்டது மவுஸ் நகரவில்லை என்பதற்காக. சார்ஜாவில் இருக்கும் கணவன் ஃபாஜிலுக்கு, நிக்காஹ் சான்றிதழின் நகலைச் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். போய்ச் சேர்ந்தால் குடும்ப விசா. தவறினால் கம்பெனி மேனேஜர் விடுமுறையில் போய்விடுவார். பிறகு அடுத்த வருஷம்தான் பேச்சு. நகல் ஒரு ஃபிளாப்பியில் தயாராக இருந்தது.

ராஜராஜன் மவுஸைத் திரும்பியும் பார்க்கவில்லை. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட வைக்கிற அடிப்படை ஏற்பாடு, யூனிக்ஸ் என்னும் மூத்த சிஸ்டத்தின் ஜாடையில் இருக்கும், உலகம் முழுக்க ஆட்கள் கூடி எழுதியது, விலை கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுக்கலாம் என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே பழையதை அழித்துப் புதியதை ஏற்றினான். முழித்துக்கொண்டு நின்ற சபிஹாவின் மாமியார் ஆசியாவுக்குத் தனி விளக்கம்: "நம்ம வெத நெல்ல பக்கத்து வயலுக்குக் குடுக்குறோம்ல, அது மாதிரிம்மா."

"வெத நெல்லு சரி தம்பி," என்றார் ஆசியா. "மொளைக்குமா?"

முளைத்தது. என்ன நிறம், என்ன பளபளப்பு! மவுஸ் மட்டும் நகரவில்லை. ஆசியா அதை வாங்கிக் கவிழ்த்து, உருண்டையைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த பஞ்சை முந்தானையால் துடைத்தார். நகர்ந்தது.

அடுத்து மோடம். டெலிபோன் வழியாக இணையத்தைப் பிடித்துத் தருகிற அந்த அட்டையை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. இந்த இனத்தார் தோற்பதில்லை. "பத்து நிமிஷம்க்கா" என்பார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து நிமிஷம். ஜும்மா முடிந்து பத்து நிமிஷம். சனிக்கிழமை முழுக்கப் பத்துப் பத்து நிமிஷமாகவே கழிந்தது. பழையதையே திரும்பப் போட்டால் என்ன? அதை இந்த இனத்திடம் கேட்டுத்தான் பாருங்களேன்.

நாலரை மணிக்குச் சபிஹா எழுந்தாள். ஃபிளாப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, தப்பு மோடம் செஞ்சவன் மேலதான்," என்றான் ராஜராஜன்.

"இருக்கட்டும் தம்பி. நீ அவன்கிட்ட ஞாயம் பேசிக்கிட்டு இரு. நான் பிரவுசிங் சென்டர்ல போயி அனுப்பிட்டு வந்துடுறேன்."

ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்ததாம். மாசி மாதம் விமானம் ஏறினாள். அவளுக்குக் கோபமா இல்லையா என்று ராஜராஜனுக்குத் தெரியவே இல்லை. திட்டியிருந்தாலாவது, லினக்ஸின் பெருமையை இன்னொரு தரம் எடுத்துச் சொல்லியிருப்பான்.

சிரிக்கிறீர்கள். விருந்தாளியின் போனை வாங்கி எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தீர்களே, அவர் கேட்டாரா? மைத்துனர் பைக் கண்ணாடியை முடுக்கச் சொன்னதற்குச் செயினைக் கழற்றிப் போட்டீர்களே, அது யார் சொல்லி? தொட்டால் ஒட்டிக்கொள்கிற சமாச்சாரம் இது. நம்பிக்கை இல்லையென்றால், ஒன்றரை வருஷம் கழித்துச் சார்ஜாவிலிருந்து ராஜராஜனுக்கு வந்த மின்னஞ்சலைப் படியுங்கள்:

"தம்பி, நல்லா இருக்கியா? எதிர் ஃபிளாட் மலையாளி அக்கா, பிரிண்ட் சரியா வரலன்னு கூப்பிட்டாங்க. லினக்ஸ் போட்டுக் குடுத்துட்டேன். எல்லாம் அருமையா இருக்கு, சவுண்டு மட்டும் வரல. ஆறு மணிக்கு ஊர்ல இருக்குற மகனோட கம்ப்யூட்டர்லதான் பேசணுமாம். இப்ப மணி அஞ்சே முக்கால். உடனே எழுது. பின்னாடியே நிக்கிறாங்க."