கன்னத்தில் ஒரு போன்ழூர்

பக்கத்து இருக்கையில் யாராவது சீமைச் செண்டு பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் என் காதுமடல் சூடாகிவிடும். டவுன்பஸ் என்றால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். வெட்கத்துக்கு மூக்கு உண்டு. எத்தனை வருஷம் ஆனாலும் மோப்பம் பிடித்து வந்துவிடுகிறது.

இருபத்தைந்து வயதில் நான் ஒரு அறிவாளி. (அப்படி நினைத்தது நான் ஒருவன்தான்.) வீடு அரியக்குடியில், வேலை காரைக்குடியில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஓர் ஓட்டலின் வரவேற்பு மேசையில். அங்கே பொறுக்கியதில் பதினோரு பிரெஞ்சுச் சொற்கள் கையிருப்பு. நாலு சாப்பாடு, ஒன்று கழிப்பறை.

அந்தச் சமயத்தில்தான் தங்கச்சி செல்வியைப் பெண் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அவருடைய பெரியப்பா பிரான்சு ராணுவத்தில் இருந்தவர். மாப்பிள்ளையின் போட்டோவைச் செல்வி பார்க்காத மாதிரி பத்துத் தடவை பார்த்துவிட்டாள். இது நடந்தே ஆகவேண்டும் என்று நான் களத்தில் குதித்தேன்.

ஒரு வாரம் வீட்டில் வகுப்பு. "இங்குட்டு, அங்குட்டு"க்குத் தடை. "வாரீக, போறீக" என்றால் முறைப்பேன். தச்சுப் பட்டறையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்த அப்பாவை வணக்கத்துக்குப் பதில் "போன்ழூர்" சொல்ல வைத்தேன். அவர் வாயில் அது தும்மலாகத்தான் வந்தது. அம்மா மட்டும் மசியவில்லை.

"நீ வாயத் தொறக்காம இருந்தாலே கலியாணம் நடந்துரும்யா."

ஞாயிறு காலை வேன் வந்தது. சீமைச் செண்டு வாசனை முன்னே இறங்க, பின்னே மாப்பிள்ளையின் பெரியப்பா இறங்கினார். பாய்ந்தேன். "போன்ழூர், முசே!" அதோடு விட்டேனா? ஓட்டல் விருந்தாளிகள் செய்வதைப் பார்த்தவனாயிற்றே! தோளைப் பிடித்து வலக் கன்னத்தில் ஒரு முத்தம், இடக் கன்னத்தில் ஒன்று. எதிர்வீட்டுக்காரம்மா குழாயடியில் குடம் வழிவதை மறந்து நின்றார்.

உள்ளே அவர்கள் பேசியது நம் தமிழ்தான். அதில் பிரெஞ்சு உப்பளவு: நகரசபைக் கட்டடம் "மேரி", தன்னைப் போல் ஓய்வு பெற்ற சிப்பாய் "சொல்தா". நான்தான் மூட்டையையே கவிழ்த்தேன். அவர் காபி டம்ளரை வாங்கினால் நன்றி என்று ஒரு மெர்சி, முறுக்கைக் கடித்தால் மெர்சி, மின்விசிறி சுற்றியதற்கும் மெர்சி.

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, நேராவே கேக்கறேன். இது பொண்ணு பாக்குற வீடா, பாஸ்போர்ட் ஆபீசா? முன்னாடி ரெண்டு எடத்துல இப்படித்தான் கொழைஞ்சாங்க. அப்பறம் பையன் எப்ப பிரான்சுக்குப் போவான்னு கேட்டாங்க. அவன் எங்கயும் போகமாட்டான்."

எழுந்துவிட்டார். மாப்பிள்ளை, பாவம், பாதி எழுந்தார்.

அறைக்குள்ளிருந்து செல்வி வந்தாள்.

"இருங்க. எந்திரிச்சுப் போறீகளே, எங்கண்ணனப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு? அதுக்குப் பிரான்சு மேல ஆசையெல்லாம் இல்ல. ஓட்டலுக்குக் கேரளாக்காரவுக வந்தா ஒரு மாசம் மலையாளம் பேசும். வடக்க இருந்து வந்தா இந்தி. அது ஒரு நோயி. எனக்குப் பாண்டிச்சேரியே தூரம். அதத் தாண்டி அங்குட்டு ஒரு எட்டு வைக்கமாட்டேன். சம்மதம்னா காப்பியக் குடிங்க, ஆறுது."

பெரியப்பா உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று.

"பட்டாளத்துலகூட எனக்கு யாரும் இப்படி உத்தரவு போட்டதில்ல."

அதற்குள் மாப்பிள்ளை தன் டம்ளரைக் காலி செய்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றுவரை எங்கள் குடும்ப விசேஷம் எதிலும் நான் வாசலில் நின்று யாரையும் வரவேற்கக் கூடாது. பந்தியில் தண்ணீர் ஊற்றலாம், வாயை மூடிக்கொண்டு. (கல்யாணப் பேச்சு எடுத்தாலே தங்கச்சி பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.) அன்று வேனில் ஏறும் முன், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா வழங்கிய தீர்ப்பு அது:

"போயிட்டு வரோம். தேதி குறிச்சு அனுப்புங்க. வாசல்ல பன்னீர் தெளிக்க மட்டும் வேற ஆளப் போடுங்க."