இடது கை வம்சம்

ஃப்ரேம் கடைக்காரருக்கு அவசரமாக ஒரு தாத்தா தேவைப்பட்டார். சாயங்காலத் தபால் எடுப்பதற்குள் கிடைத்தால் நல்லது.

சட்டம் போடக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து வாங்காத படங்கள் கடைப் பரணில் முப்பதுக்கு மேல் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூசி தட்டிப் பார்த்தார். ஒருவருக்கு மீசை அதிகம். இன்னொருவருக்குத் தாத்தா ஆகிற வயதே இல்லை. கடைசியில், கைத்தடி ஊன்றி, யாரையும் நம்பாத முகத்தோடு நின்ற ஒரு பெரியவர் தேறினார்.

"கொஞ்ச நாளைக்கு எனக்குத் தாத்தாவா இருங்க" என்று கேட்டுக்கொண்டு அவரை உறைக்குள் போட்டார்.

எல்லாம் முந்தின நாள் வந்த ஒரு போனால் வந்த வினை.

"தம்பி, நான் உனக்கு அக்கா முறை" என்றது ஒரு பெண் குரல். "நம்ம கொள்ளுத்தாத்தாவுக்கு மூணு பசங்க. ஒருத்தர் கப்பல் ஏறிப் போனாரு. ஒருத்தர் ரயில் ஏறிப் போனாரு. மூணாமவரு கோவிச்சுக்கிட்டு நடந்தே போயிட்டாரு. நடந்து போனவரோட பேரன் படத்துக்குக் கண்ணாடி போடற கடை வச்சிருக்கறதா கேள்விப்பட்டேன். நீதானே அது?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த பரம்பரை அம்மாவோடு நின்றுபோயிருந்தது. அம்மா போய்ப் பதினாறு வருஷம். நாள் முழுக்க அடுத்தவர் குடும்பங்களைத் துடைத்துக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் அறைக்குப் போனால் ஒரு தட்டு, ஒரு தம்ளர். 'கடைக்காரரே' என்று கூப்பிடத் தெருவே இருந்தது. 'தம்பி' என்று கூப்பிட ஆளில்லை.

"ஆமாக்கா" என்றார்.

"அப்போ உங்க தாத்தா படம் ஒண்ணு அனுப்பு. வம்ச மரத்துல ஒட்டணும்."

நாலாம் நாள் மறுபடியும் போன்.

"தம்பி! தாத்தா கைத்தடியை எடது கையில பிடிச்சிருக்காரு!"

"அது... ஏதாவது கை வலியா இருக்கும்க்கா."

"வலியாவது ஒண்ணாவது! நம்ம வம்சமே எடது கைதான். படத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. உனக்கும் எடது கைதானே?"

"பொறந்ததுலேருந்து."

"வருஷா வருஷம் கூடற மாதிரி அடுத்த மாசம் எல்லாரும் ஒண்ணாக் கூடறோம். நீ வராம இருந்தா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."

அன்றைக்கே பழக ஆரம்பித்தார். இடது கையால் ஆணி அடித்ததில் வலது கட்டைவிரல் நசுங்கியது. நல்லதுதான், இனி வலது கை குறுக்கே வராது என்று கட்டுப் போட்டுக்கொண்டார். கண்ணாடிகள் கோணலாக வெட்டுப்பட்டன. படங்கள் சரிந்தன.

புதுமாப்பிள்ளை ஒருவர் கல்யாணப் படத்தோடு திரும்பி வந்தார். "என்னங்க இது? புயல்ல மாட்டின கப்பல்ல நிக்கற மாதிரி ரெண்டு பேரும் சாஞ்சிருக்கோம்!"

"எடது கைங்க. எங்க குடும்பத்துல எல்லாருமே அப்படித்தான்."

"உங்களுக்குக் குடும்பம் இருக்கா?"

"பெரிய குடும்பம்ங்க."

மாப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே போன பிறகு, ஆளில்லாத கடையில் அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

கூடும் நாளன்று, அக்காவின் ஊரில் ஒரு வாடகை மண்டபம். சுவர் நிறைய வம்ச மரம். கப்பல் தாத்தாவுக்கும் ரயில் தாத்தாவுக்கும் ஜாடை துளிகூட ஒட்டவில்லை; அலைச்சல் முகத்தை மாற்றிவிடும்போல என்று நினைத்துக்கொண்டார். ஓரத்தில் அவருடைய பரண் பெரியவர். அவருக்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் நுனியில், மை இன்னும் பளபளக்க, கடைக்காரரின் பெயர். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வா வா, சூப் ஆறுது" என்று அக்கா தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

நீள மேசையில் நாற்பது பேர். நாற்பது இடது கைகளில் நாற்பது கரண்டிகள். பரீட்சை எழுதுகிறவர்கள்போலக் குனிந்து, மெதுவாக உறிஞ்சினார்கள். சூடு அதிகம்போல.

கடைக்காரர் முதல் கரண்டியைத் தூக்கினார். அது மூக்குக்குப் போனது. இரண்டாவது கரண்டி சட்டைக்கு. மூன்றாவது பக்கத்தில் இருந்த சித்தப்பா முறைக்காரரின் மடிக்கே போய்விட்டது.

நாற்பது பேரும் நிமிர்ந்தார்கள்.

முடிந்தது, என்று நினைத்தார். இப்போது சுவரில் அந்தப் பெயரை அடித்துவிடுவார்கள். அவர்கள் அடிப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது மரியாதை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"அக்கா... நான் வந்து... எனக்கு உண்மையில..."

அதற்குள், பரிமாறுகிறவர் துண்டோடு ஓடி வந்து அவரை உட்காரவைத்தார். சட்டையைத் துடைத்தபடியே காதோரம் குனிந்தார்.

"விடுங்க சார், மொத வருஷம் எல்லாரும் இப்படித்தான் சிந்துவாங்க. உங்க அக்காவுக்கே போன வருஷந்தான் எடது கை ஓரளவு பழகிச்சு."