மஞ்சள் கட்டத்துக்குள் மச்சான்

கம்ப்யூட்டரில் அச்சுக்குப் புத்தகம் தயாரிப்பதில் புலியான மாப்பிள்ளை அவர்களுக்கு, கீபோர்டைக் கண்டாலே எலியாகிவிடும் மச்சான் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் தங்கை சுகமா? உங்களைக் கேட்கவில்லை, அவள் சமையலைச் சாப்பிடுகிறவருக்கு என்ன குறை!

நம் பட்டறையில் செய்துகொடுத்த ஆறு துணி பிழியும் மெஷினுக்கும் கையேடு தராவிட்டால் ஆறையும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சலவைக்கூட மேலாளரம்மா கெடு வைத்ததும், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் வாயால் சொல்லச் சொல்ல நீங்கள் அடித்ததும் ஞாபகமிருக்கும். நீங்கள் நல்ல தமிழில் மாற்றி முடித்த பகுதியெல்லாம் வெள்ளை. முடியாததற்கு மட்டும் முன்னால் ஒரு சொல், பின்னால் ஒரு சொல் போட்டு ஏதோ குறியீடு எழுதினீர்கள். உடனே அதைச் சுற்றி மஞ்சள் கட்டம், ஓரத்தில் தடித்த சிவப்புக் கோடு! என்ன அழகு! அச்செடுத்து என் மேஜையில் வைத்துவிட்டு, “மச்சான், மஞ்சள்ல இருக்கிறதெல்லாம் வரைவு. நல்ல தமிழ்ல திருத்தி அனுப்புறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் காட்டிடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

மறுநாளே அந்தம்மா வந்து நின்றார். “புக்கு எங்கே? இல்ல, வண்டிக்குச் சொல்லட்டுமா?” நான் என்ன செய்வேன்? எடுத்து நீட்டிவிட்டேன்.

“சுழற்சி முற்றுப்பெறுமுன் மூடியினைத் திறத்தல் தவிர்க்கப்பட வேண்டும்” என்று வெள்ளையில் எழுதியிருந்தீர்களே, அதை ஒரு ஜீவனும் படிக்கவில்லை. மஞ்சளில் நான் சொன்னபடியே கிடந்தது: “சுத்தும்போது கையை விடாதே. விட்டா கையும் துணியோட காயும்.” அதைச் சுற்றித்தான் கூட்டம்!

“ஆபத்தானதையெல்லாம் கட்டம் கட்டி மஞ்சள் அடிச்சிருக்கீங்க, பிரமாதம்! யாரு சொன்னது இது?” என்றார் அந்தம்மா.

“நான்தாங்க.”

“அப்ப இந்த வெள்ளை?”

“எங்க மாப்பிள்ளைங்க. படிச்சவரு, கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

மெஷின் ஆறும் அங்கேயே தங்கிவிட்டன. ஆகவே மாப்பிள்ளை, திருத்துகிறேன் பேர்வழி என்று மஞ்சளில் கை வைக்காதீர்கள். வெள்ளையைத் தூக்கிவிட்டு, புத்தகம் முழுவதையும் வரைவாக்கி அனுப்புங்கள்.

என் தங்கைக்கு நிறைய ஆசிகள். மிச்சமிருந்தால் உங்களுக்கும்.

இப்படிக்கு,
மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள். மஞ்சள் கட்டம் ஒன்றில், “மூடி சரியாகப் பூட்டியதா? மச்சானிடம் கேட்கவும்” என்று உங்களுக்கு நீங்களே குறித்து, என் போன் நம்பரையும் போட்டிருக்கிறீர்கள். அதுவும் மெஷின் ஓட்டும் முறை என்று நினைத்து, மூடியை மூடும்போதெல்லாம் போன் போடுகிறார்கள். இன்று காலையில் மட்டும் முப்பத்தொரு தடவை. கையேட்டில் என் பெயர் மச்சான் என்றுதானே இருக்கிறது? மேலாளரம்மாவும், “மச்சான், பூட்டிருச்சா பாருங்க” என்கிறார். என் வீட்டுக்காரி, அதுதான் உங்கள் அக்கா, பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். உடனே வந்து எல்லாவற்றையும் வெள்ளையாக்குங்கள், மாப்பிள்ளை!